கார்டு முகர்ந்த சாக்குகள்

பக்கத்து வீட்டில் நாய் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் நாய் தானாக வந்து சேரும். இப்போது விலைக்கு வருகிறது. கூடவே ஒரு பிளாஸ்டிக் எலும்பும், அழுத்தினால் கீச்சென்று கத்தும் ரப்பர் பந்தும் வந்தன. அந்த வீட்டுப் பெண் வேலைக்குப் போகும்போது இரண்டையும் அதன் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். நாய் தொடுவதே இல்லை. முன்னங்கால்களின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது. எனக்கும் பகலில் வேறு ஜோலி கிடையாது. நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

"இதுக்கு என்னதான் குறைச்சல் தாத்தா?" என்று அந்தப் பெண் ஒரு நாள் கேட்டாள். "ஒரு பழைய சாக்கு கொண்டுவந்து போடும்மா" என்றேன். மறுநாள் அரிசி வந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். நாய் ஒரு தடவை மூக்கை வைத்தது, தும்மியது, போய்ப் படுத்துக்கொண்டது. யார் மேலும் தப்பில்லை. நான் சொன்ன சாக்கு வேறு. அது இன்னதென்று புரிய வேண்டுமானால் நீங்கள் என்னோடு விழுப்புரம் வரை வர வேண்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். விழுப்புரம் ஜங்ஷனில் என்னைப் பார்சல் குமாஸ்தாவாகப் போட்டிருந்தார்கள். தெற்கே வெகுதூரத்திலிருந்து வந்தவன் நான். ஊரில் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய ஆள் என்று யாரும் மிச்சமில்லை. ஒற்றை அறை குவார்ட்டர்ஸ், வாசலில் ஒரு முருங்கைமரம், ஒரு பம்ப் ஸ்டவ். அந்த ஊர்க்காரர்கள் பேசுவது எனக்குப் பாதி புரியாது, நான் பேசினால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். அதனால் பேசாமலே இருந்துவிட்டேன். "ரசீதை பத்திரமா வச்சிக்கிடுங்க" என்பதைத் தவிர வாயிலிருந்து வேறு வார்த்தை வராமல் சில நாட்கள் முழுசாகக் கழிந்ததுண்டு.

சவரிமுத்து அங்கே போர்ட்டராக இருந்தான். திண்டிவனத்துக்காரன். அவன் பின்னாலேயே ஒரு செம்பட்டை நாய் திரியும். வருகிற ஒவ்வொரு ரயிலையும் கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையும் வரை நின்று அனுப்பிவைக்கும் என்பதால் அதற்குக் கார்டு என்று பேர் வைத்திருந்தான். "டேய் கார்டு, வாடா இங்க!" என்று அவன் கூப்பிட்டால், கொடி பிடித்து நிற்கிற நிஜ கார்டுகள் திரும்பி முறைப்பார்கள். அதில் அவனுக்கு ஒரு குஷி.

சவரிமுத்து பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். போகிற அன்று நாயைக் கயிற்றில் கட்டி என்னிடம் கொண்டுவந்தான்.

"சார், இத்த கொஞ்சம் பாத்துக்கினு இருங்க. நான் வந்து வாங்கிக்கிறேன்."

"திண்டிவனத்தில் உன் வீட்டில் விடக்கூடாதா?"

"உட்டுப் பாத்துட்டேன் சார். தண்டவாளத்தப் புடிச்சிக்கினு நடந்தே இங்க வந்துடுது." கயிற்றை என் பக்கம் நீட்டினான். பிறகு, "ஒங்களுக்கும் பேச்சுத்துணைக்கு ஆளில்லையே சார்" என்றான். சுருக்கென்றது. ஆனால் கயிற்றை வாங்கிக்கொண்டேன். "உயிரோட வச்சிருப்பேன், போய் வா" என்று ஏதோ பெரிய மனுஷன் மாதிரி சொல்லியும் விட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அது பிழைக்கும் என்று பத்தே நாளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சவரிமுத்து ஏறிப்போன மெட்ராஸ் பக்கத்துப் பிளாட்பார முனையிலேயே போய்ப் படுத்துக்கொள்ளும். இழுத்துவந்து முருங்கைமரத்தில் கட்டினால் மரத்தைச் சுற்றிச் சுற்றியே நடக்கும். மண்ணில் வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது. சோறு வைத்தால் ஈ மொய்க்கும். பால் வாங்கி ஊற்றினேன், பூனை குடித்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. அவனுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தச் சின்ன முற்றத்தில் அது சுற்றுவதும் குவார்ட்டர்ஸுக்கும் பார்சல் ஆபீஸுக்கும் நான் நடப்பதும் ஒன்றுதானே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் கருவாட்டு மூட்டை ஒன்று பிரிந்து கொட்டிவிட்டது. முழங்கால் போட்டு அள்ளினேன். அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் கார்டு எழுந்து நின்றது. என் முழங்காலில் மூக்கை வைத்தது. அங்கிருந்து மெல்ல மேலே வந்து, இடுப்பு, சட்டைக்கை, உள்ளங்கை என்று ஒரு இடம் விடாமல் முகர்ந்தது. வக்கீல் பத்திரம் படிப்பதுபோல அவ்வளவு நிதானம். முடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு போய்த் தண்ணீர் குடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, போங்கள்.

பார்சல் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு போன சாக்குகளும் கூடைகளும் காலியாகத் திரும்பி எங்கள் ஜங்ஷனில் இறங்கும். அந்தந்த லைன் வண்டிக்காக ஒரு ராத்திரி மூலையில் குவிந்து கிடக்கும், மறுநாள் சொந்தக்காரர் ஊருக்குப் போகும். அதில் ஒன்றை உருவிக்கொண்டு வீட்டுக்குப் போய், காலையில் திரும்ப வைத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலை வந்த திண்டிவனத்துச் சாக்கு, வளவனூர் வெல்லச் சாக்கு, வெற்றிலைக் கூடை. பிரெஞ்சுக்காரர் ஊரான புதுச்சேரியிலிருந்து கண்ணாடிப் புட்டிகள் வைக்கோலில் சுற்றி வரும். அந்த வைக்கோலைக் கொடுத்தால் கார்டு நாலு தடவை தும்மிவிட்டு அதன் மேலேயே புரளும். சாக்கின் மடிப்புக்குள் மல்லாட்டை நாலைந்தை ஒளித்து வைப்பேன். தேடி எடுத்து, ஓட்டை உடைத்துத் துப்பிவிட்டுப் பருப்பைத் தின்னும். கேப்பைக் களியை ஒரு உருண்டை செங்கல்லுக்குப் பின்னால், ஒரு உருண்டை கொட்டாங்கச்சிக்கு அடியில் என்று மறைத்து வைப்பேன். தட்டில் வைத்தால் தொடாதது, தேடிக் கண்டுபிடித்தால் நக்கிச் சுத்தம் செய்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று இதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நாய்க்குச் சோறு போடுறியா, பரீட்சை வெக்கிறியா?" என்று கேட்டார். ஸ்டேஷன் முழுக்க அது பரவிவிட்டது.

பரவியது நல்லதாகப் போயிற்று. கடலூர் பாசஞ்சரில் கருவாடு கொண்டுவருகிற அஞ்சலை என்னைப் பார்த்ததும் சத்தம் போட ஆரம்பித்தாள். "இன்னா சார், ஒங்க நாய்க்கு இன்னிக்கி வாளை மீனு சாக்கு வேணுமா, காரப்பொடி மீனு சாக்கு வேணுமா?"

"எதுவானாலும் சரி அம்மா."

"அதெப்பிடி? நேத்து காரப்பொடி குடுத்தேன். ஒரே சாக்க மோந்துக்கினு கெடந்தா அதுக்கும் பேஜாரா இருக்காது?"

அவளோடு பேசினேன். வளவனூர் வெல்ல வண்டிக்காரரோடு பேசினேன். நாய்க்காகத்தான் பேசினேன். சாயங்காலம் கார்டை அவிழ்த்துவிட்டு அது போகிற வழியில் பின்னால் போவேன். ஒரு நாள் ஏரிக்கரை, ஒரு நாள் சந்தை கலைந்த மைதானம், ஒரு நாள் கொல்லன் பட்டறைச் சந்து. ஒரு வருஷம் குடியிருந்தும் எனக்குத் தெரியாத விழுப்புரத்தை அந்த நாய் சுற்றிக் காட்டியது.

ஒரு தரம் மாட்டிக்கொண்டேன். அஞ்சலையின் சாக்கையும் திண்டிவனம் பூக்கடைக்காரர் கூடையையும் ஒரே நாளில் எடுத்துப்போனேன். கார்டு எதை முதலில் முகர்வது என்று தெரியாமல், கூடைக்குள் சாக்கை இழுத்துப் போட்டு, அதன் மேல் படுத்துத் தூங்கிவிட்டது. காலை அவசரத்தில் கூடையைத் தட்டி அனுப்பிவிட்டேன். அன்று சாயங்கால வண்டியிலேயே பூக்கடைக்காரர் தானே நேரில் வந்து இறங்கினார். "பூவ வாங்கிக்கினு போன பொம்பளைங்க எல்லாம் மூக்கப் பொத்திக்கினு திரும்பி வர்றாங்கய்யா! இன்னா கூடைய அனுப்புன நீ?" கார்டு அவர் வேட்டியில் மல்லிகை வாசத்தை ஆனந்தமாக முகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார்.

பட்டாள ஸ்பெஷல் வண்டிகள் வரும்போது மட்டும் நாய் பழைய நாயாகிவிடும். காக்கிச் சட்டைக்காரர்கள் டீ குடிக்க இறங்குவார்கள். கார்டு ஒவ்வொரு பூட்ஸாக முகர்ந்துகொண்டே பிளாட்பாரம் முழுக்கப் போகும். சிலர் தடவிக்கொடுப்பார்கள், சிலர் எட்டி உதைப்பார்கள். வண்டி போனபிறகு என் மேஜைக்கடியில் வந்து படுத்துக்கொள்ளும். நான் அஞ்சலை கொடுத்த சாக்கை அதன் பக்கம் தள்ளிவிடுவேன்.

யுத்தம் முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியான வண்டியில் சவரிமுத்து வந்து இறங்கினான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. காட்டுக் காய்ச்சலுக்குத் தின்ற மாத்திரையில் உடம்பு மஞ்சள் பூத்திருந்தது. கன்னம் ஒட்டி, குரலும் உடைந்திருந்தது. வெல்லச் சாக்கின் மேல் படுத்திருந்த நாயைப் பார்த்து, "டேய் கார்டு" என்றான். நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. திரும்பப் படுத்துக்கொண்டது.

"மறந்துட்டான் சார்" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்? பேசாமல் இருந்திருந்தால் அவன் அடுத்த வண்டியில் தனியாகத் திண்டிவனம் போயிருப்பான். நாய் என்னோடு இருந்திருக்கும். ஆனால் அந்த மஞ்சள் முகத்தை வைத்துக்கொண்டு அவன் நின்ற நிலை என்னைப் பேசவைத்துவிட்டது.

"மறக்கவில்லை. நீ சும்மா தரையில் உட்கார். கூப்பிடாதே, தொடாதே. அது முகர்ந்து பார்க்கட்டும்."

உட்கார்ந்தான். கார்டு எழுந்து சோம்பல் முறித்துவிட்டு வந்தது. பூட்ஸில் ஆரம்பித்தது. புதுச் சாக்கு வந்தால் எப்படிப் பார்க்குமோ அப்படி. பூட்ஸ் பாலிஷ், கப்பல், துப்பாக்கி எண்ணெய், ஆஸ்பத்திரி, இன்னும் எனக்குத் தெரியாத எத்தனையோ ஊர். ஒவ்வொன்றையும் முகர்ந்து முகர்ந்து ஒதுக்கிக்கொண்டே மேலே வந்தது. காதுக்குப் பின்னால் கழுத்தில் மூக்கை வைத்து நின்றது. அப்புறம் அதன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தனை காலம் என்னோடு இருந்தபோது ஒரு நாளும் அது அப்படிக் கத்தியதில்லை. "கண்டுபுடிச்சிட்டியாடா... கண்டுபுடிச்சிட்டியா..." என்று அவன் அழுதுகொண்டே சொன்னான். நான் ரசீது எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சாயங்கால வண்டியில் இரண்டு பேரும் போனார்கள். "ரொம்ப நல்லா வெச்சிக்கினு இருந்தீங்க சார்" என்றான். கடைசிப் பெட்டி மறையும் வரை நின்று அனுப்பிவைத்தேன். அன்றைக்கு அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிடும் என்று முன்பு அவன் சொன்னானே, அதை நம்பிக்கொண்டிருந்தேன். வேலை ஓய்ந்தபோதெல்லாம் பிளாட்பார முனையில் போய் நிற்பேன். திண்டிவனத்துப் பக்கம் தண்டவாளம் வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கும். அது வரவில்லை. வரவேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

அஞ்சலைக்கு விஷயம் தெரியாது. "இந்தாங்க சார், இன்னிக்கி வாளை" என்று சாக்கை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். குவார்ட்டர்ஸில் முருங்கைமரத்தடியில் விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நானே குனிந்து முகர்ந்து பார்த்தேன். வெறும் கருவாட்டு வாடைதான் அடித்தது. அதற்குமேல் என் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். முருங்கைமரம் இல்லை, கரி எஞ்சின் இல்லை, வைக்கோலில் சுற்றின புட்டிகள் இல்லை. சணல் சாக்கே அபூர்வமாகிவிட்டது. இப்போது எல்லா ஊரிலிருந்தும் எல்லாச் சரக்கும் ஒரே வெள்ளைப் பையில் வருகிறது.

நேற்று பக்கத்து வீட்டு நாயைக் கொஞ்சநேரம் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள் அந்தப் பெண். கிட்டே வந்தது. என் முழங்காலில் மூக்கை வைத்தது. நான் அசையாமல் உட்கார்ந்து, பழைய ஞாபகத்தில் உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினேன். ஒரே ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தது. திரும்பிப் போய்க் கேட்டைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அதைச் சொல்லிக் குற்றமில்லை. என் மேல் இப்போது எந்த ஊரின் வாசமும் இல்லை.