சத்தமில்லாத அறைக்கு வழி

டிக்கெட் போட்டுக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. டிக்கெட் வாங்கியவரை அந்த இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் எங்கள் தொழில்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் சின்னதாக டிராவல்ஸ் நடத்துகிறேன். அவ்வப்போது குழு சேர்த்து நானே கூட்டிக்கொண்டு போவேன். அப்போது கடையை என்னிடம் வேலை பார்க்கும் ஜெசிந்தா பார்த்துக்கொள்வாள். விமான நிலையத்தில் அறிவிப்பு, குழந்தை அழுகை, காபி மெஷின், டிராலி உருட்டும் சத்தம், கண்ணைக் குத்தும் வெளிச்சம் எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் ஏறும்போது, எங்கேயாவது ஓடிப்போய்விடலாமா என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். நமக்கு அது எரிச்சலோடு போய்விடும். சிலருக்கு அது அடிபட்ட இடத்தில் மறுபடி அடிபட்ட மாதிரி வலிக்கும். இதை எனக்குப் புரிய வைத்தவர்கள் என்னிடம் டிக்கெட் வாங்கியவர்கள்தான்.

பெட்டியோடு திரும்பியவர்கள்

சித்தையன்கோட்டை செல்விக்கும் அவள் மகள் யாழினிக்கும் பெங்களூரு வழியாக தோஹாவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தேன். செல்வியின் கணவர் அங்கே ஏ.சி. மெக்கானிக். மூன்று வருடமாக லீவு கிடைக்காததால், பிள்ளையைக் காட்டிவிட்டு வரலாம் என்று செல்வியே கிளம்பினாள். யாழினிக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. வீட்டில் மிக்சி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

தோஹாவில் இருக்க வேண்டிய நேரத்தில் இருவரும் பெட்டியோடு என் கடைப் படியேறி வந்தார்கள். பெங்களூரில் விமானம் தாமதமாகியிருக்கிறது. கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அறிவிப்புமேல் அறிவிப்பு. யாழினி நாற்காலிக்கு அடியில் புகுந்து, மூச்சு வாங்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறாள். சுற்றிலும் கூட்டம். ஏறச் சொல்லிக் கூப்பிட்டபோது, பிள்ளையை அந்த நிலையில் தூக்கி விமானத்துக்குள் திணிக்க செல்விக்கு மனசு வரவில்லை. ஜெசிந்தா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அவ கத்துனது எனக்குப் பழகிப்போச்சுக்கா. ஒருத்தரு நின்னு செல்போன்ல படம் புடிச்சாரு பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

ஓர் அறை இருக்கிறது

இனி என்ன செய்யலாம் என்று கேட்க பெங்களூரு விமான நிலைய உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தவர், "சென்சரி ரூம் கேட்டீங்களா?" என்றார். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், அந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்து ஒரு டெல்லி குழுவோடு பெங்களூரு வழியாகப் போனபோது தேடிப் பார்த்தேன். பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போனதும் ஓரமாக ஒரு கதவு. சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்க முடியாதவர்கள், சின்னவரோ பெரியவரோ, சொன்னால் திறந்துவிடுவார்கள். உள்ளே மங்கலான நீல வெளிச்சம், மெத்தை விரித்த தரை, உட்கார்ந்தால் உடம்பைத் தாங்கிக்கொள்ளும் பெரிய பைகள், ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மெதுவாக ஏறும் தண்ணீர்க் குமிழிகள். கதவை மூடியதும் வெளியுலகமே அணைந்துபோனது. சும்மா பார்க்கப் போன நான் செத்த நேரம் உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. அறையைப் பார்த்துக்கொள்ளும் பத்மா, ஓசூர்க்காரப் பெண், சிரித்தாள்: "புள்ளைங்க போதும்னா அதுங்களே எழுந்து வந்துரும் மேடம். கூட வர்ற அம்மாங்களத்தான் நாங்க எழுப்பி அனுப்ப வேண்டியிருக்கு."

மீசைக்காரருக்கு இடம் உண்டா?

அந்த டெல்லி குழுவில் தொப்பம்பட்டி சின்னச்சாமி இருந்தார். தென்னந்தோப்புக்காரர். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து, கூட்டமும் வெளிச்சமும் அவருக்கு ஆகாது. தலைவலி வந்து வாந்தி எடுத்துவிடுவார். அதனால் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல் வருவார். பெரிய புள்ளி போல என்று குழுவில் மற்றவர்கள் அவரிடமிருந்து தள்ளியே நின்றார்கள். பாவம், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது யாருக்கும் தெரியவில்லை.

அவரை அந்த அறைக்குக் கூட்டிப் போனேன். பத்மா அவர் கழுத்தில் போட, சூரியகாந்திப் பூப் படம் போட்ட பட்டை ஒன்றைக் கொண்டு வந்தாள். வெளியே தெரியாத சிரமம் உள்ளவர், கொஞ்சம் பொறுமையாக நடந்துகொள்ளுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொல்லும் அடையாளம் அது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இது எந்தக் கட்சிங்க?" என்று என்னிடம் கேட்டார். விளக்கினேன். பட்டையைப் போட்டுக்கொண்டார். அறைக்குள் போகத்தான் மறுத்தார். சின்னப் பிள்ளைகள் அறைக்குள் மீசை வைத்தவன் போனால் சிரிக்க மாட்டார்களா என்றார். அவர் மனைவி கதவைத் திறந்து அவரை உள்ளே தள்ளி, வெளியில் உட்கார்ந்துகொண்டார்.

விமானத்துக்குக் கூப்பிட்டதும்தான் வந்தார். கறுப்புக் கண்ணாடி கையில் இருந்தது. நான் அவர் கண்களைப் பார்த்தது அப்போதுதான். "ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுலயும் இப்படி ஒண்ணு கட்டுனா, நான் தெனமும் வந்து காய் வாங்குவனுங்க," என்றார்.

செருப்பு

பத்மாவிடம் அனுமதி வாங்கி, அந்த அறைக்குப் போகும் வழியையும் அறையையும் வீடியோ எடுத்து வந்திருந்தேன். ஜெசிந்தா அதைச் செல்வியின் போனில் போட்டு யாழினிக்குக் காட்டினாள். அறிவிப்புச் சத்தத்தை முதலில் மிகக் குறைவாக, பிறகு கொஞ்சம் கூட்டி. குமிழிகள் வந்ததும் யாழினி திரையைத் தொடுவாள், அவ்வளவுதான். செல்விக்குப் பயம் போகவில்லை. அவள் கணவரும் போனில், பிள்ளையை இன்னொரு தடவை அப்படி அழ வைக்க வேண்டாம், தனக்கு லீவு கிடைக்கும்போது வந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். நானும் பேச்சை விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் செல்வியே கூப்பிட்டாள்: "வீடியோவப் போட்டுப் பாத்துட்டு, செருப்ப மாட்டிக்கிட்டுப் போயி வாசல்ல நிக்கிறாக்கா, தெனமும். டிக்கெட் போட்டுருங்க."

குறட்டை

என் சிங்கப்பூர் குழு பெங்களூரிலிருந்து கிளம்பும் நாளாகப் பார்த்து அவர்களுக்கும் போட்டேன். சோதனை எல்லாம் நல்லபடியாக முடிந்தது. உள்ளே போனதும் ஒரு தாமத அறிவிப்பு. யாழினியின் கை காதுக்குப் போனது; தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. அந்த முனகல் எங்கே போய் முடியும் என்று செல்விக்குத் தெரியும். விறுவிறுவென்று அறைக்குப் போய்க் கதவைத் திறந்தால், உள்ளே குறட்டைச் சத்தம்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பையைத் தலைக்கு வைத்து மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தார். யாழினி வாசலிலேயே நின்றுவிட்டாள். பத்மா அவரை எழுப்பப் போனாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த இருபது வயது இளைஞன் கையை நீட்டித் தடுத்தான். காதில் பெரிய ஹெட்போன், கழுத்தில் சூரியகாந்திப் பட்டை. அறை தேவைப்பட்டது அவனுக்கு. தூங்கிக்கொண்டிருந்தவர் அவன் அப்பா. எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், சுவரைப் பார்த்தே பேசினான்: "எங்கப்பா ரெண்டு நாளா தூங்கல, எழுப்பாதீங்க. இந்தப் பாப்பாவுக்கு என்கிட்ட இன்னொரு ஹெட்போன் இருக்கு. பழசு, காத இறுக்காது."

தோஹாவிலிருந்து

வாங்கிக் கொடுத்த எந்த ஹெட்போனையும் பிடுங்கி எறிகிற பிள்ளை அதைப் போட்டுக்கொண்டது. குமிழிக் குழாயில் கன்னத்தை வைத்து உட்கார்ந்தது. எல்லோரும் ஏறி முடிந்த பிறகு இவர்கள் வந்தால் போதும் என்று பத்மா கேட்டில் பேசி வைத்திருந்தாள். நேரம் வந்தது. யாழினி எழுந்திருக்கவில்லை. செல்வி இழுக்கவில்லை, கெஞ்சவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். நான்தான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேர்த்துப்போனேன். கடைசியில் யாழினி தானாக எழுந்து அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கேட்டைத் தாண்டிப் போவதை நின்று பார்த்துவிட்டுத்தான், என்னைத் தேடிக்கொண்டிருந்த என் குழுவிடம் போனேன்.

மறுநாள் சிங்கப்பூரில் இருந்தபோது செல்வியின் அழைப்பு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஏர்போர்ட்ல அவரு ஓடியாந்து தூக்கப் பாத்தாருக்கா. இவ ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டு, 'இங்க சத்தம், அப்பா. வீட்டுக்குப் போவோம்'னா. அவ அம்புட்டு நீளமாப் பேசி அவரு கேட்டதே இல்ல."

எத்தனையோ ஊர்களைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன், ஆனால் என் வாடிக்கையாளர்கள் போன் செய்து நன்றி சொல்வதெல்லாம், பார்க்க ஒன்றுமே இல்லாத அந்த ஓர் அறையைக் காட்டியதற்காகத்தான்.