என் பாட்டு, ஊர் மெட்டு

போன வாரம் திருத்தங்கலில் ஒரு கல்யாணம். பந்திக்கு முன்னால் பாட்டு ஆரம்பித்தது. எல்லாரும் கைதட்டி ஏகக் குஷியாகப் பாடுகிறார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தில் நின்ற அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தாயி, சும்மா நிக்கீக? இந்தப் பாட்டுத் தெரியாதாக்கும்?"

தெரியாதா! எழுதினவளே நான்தான்... சொன்னால் நம்புவாரா?

"தொண்டை சரியில்லக்கா" என்று தப்பித்துக்கொண்டேன்.

என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷ வாக்கில் நான் சங்கீதக் கல்லூரி மாணவி. சொந்தமாகப் பாட்டுக் கட்டும் பைத்தியம் பிடித்திருந்தது. கோடை லீவுக்கு விருதுநகர் வந்ததும், ஷண்முகப்பிரியா ராகத்தில் ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனையைத் தொடங்கினேன்.

அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். நைட் டியூட்டி முடித்துப் பகலில்தான் தூங்குவாள். நான் வாயைத் திறந்தால் போதும் — "ஏ புள்ள, செத்த நேரம் கண்ணசர விட மாட்டியா?" நியாயம்தானே? அதனால் முழுப் பாட்டையும் முணுமுணுத்தே கட்டினேன்.

அனுபல்லவியில் ஓர் இடம். நிஷாதத்தில் அசைந்து நின்று, மேல் ஷட்ஜத்தைத் தொடப் போய், தொடாமலே இறங்கும்... அது பிடிபடுவதற்குள் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்து கால் ஓய்ந்துபோனது. ஒருநாள் சோறு குழைந்தது. அந்த இடம் கிடைத்தது. சந்தோஷத்தில் அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

வார்த்தைகளா? அவை ஏதோ அவசரத்தில் போட்டவைதான்.

லீவு முடிந்ததும், வார்த்தைகள் எழுதிய தாளை வீட்டில் விட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகள் பாட்டு எழுதியதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் கொடுத்து, எங்கள் சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு நோட்டீஸாகவே அடித்துவிட்டார். எங்கள் சபை வழக்கம்தான் தெரியுமே! நோட்டீஸில் வார்த்தை மட்டும் இருக்கும். அளவுக்குப் பொருந்துகிற பழைய மெட்டு எதுவோ, அதில் பாடிக்கொள்ள வேண்டியதுதான்.

பண்டிகையன்று பஸ் பிடித்து ஓடி வந்தேன். பாட்டு தொடங்கியது. ஐயோ! ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற கும்மி மெட்டு! பாழாய்ப்போனது, ஓர் எழுத்துகூட இடறாமல் பொருந்தியும் தொலைத்தது. முன்வரிசையில் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

வெளியே வந்ததும், "இது என் மெட்டு இல்லப்பா" என்றேன்.

"வேற மெட்டா போட்டிருந்தே? அம்மாடி, வீட்ல நீ ஒருநாளும் பாடிக் கேக்கலையே!"



பாடகர் குழுத் தலைவரிடம் போய்ப் பாடிக் காட்டினேன். பாவம், பொறுமையாகக் கேட்டார்.

"எம்புட்டு அருமையா இருக்கு! ஆனா அம்புட்டுச் சனமும் இப்படி இழுத்துப் பாட முடியுமாம்மா? இங்கன அது படிஞ்சிருச்சு. விட்ருங்க."

நான் விட்டேன். பாட்டு என்னை விடவில்லை. சிவகாசி, மல்லாங்கிணறு... போன இடமெல்லாம் அதே கைதட்டல். ஊரே பாடுகிறது, உனக்கென்ன குறை என்கிறார்கள். பெற்றவள் கையில் வேறொருத்தி பிள்ளையைக் கொடுத்து, "எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான் பாரு" என்றால் எப்படி இருக்கும்?

அதோடு பாட்டுக் கட்டுவதையே நிறுத்தினேன். இப்போது பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். இதை நீங்கள் எந்த மெட்டில் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

கல்யாணத்திலிருந்து திரும்பியதும் ஒரு வெறி. இன்றைக்காவது என் பாட்டை என் மெட்டில், வாய்விட்டுப் பாடிவிட வேண்டும்! கதவைச் சாத்திக்கொண்டு சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்தேன். அன்று ஸ்வரம் எழுதிவைத்த தாளும் இருந்தது. ஆனால் தாளில் எழுத்துதானே இருக்கும்? அசைவு இருக்குமா? அது என் தொண்டையில் மட்டும்தான் இருந்தது.

பல்லவியை எடுத்தேன். நிறுத்தினேன். மறுபடி எடுத்தேன்.

கும்மிதான் வந்தது.