மணம் தெரியாமல் போட்ட புள்ளிகள்

அந்த வருடங்களில் லண்டனில் எனக்கு மரியாதை கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான். வால்தம்ஸ்டோவில் ஒரு பப்பின் மேல்மாடி அறை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமைகளில், வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் அங்கே கூடிப் போட்டி வைப்பார்கள். நான் அதில் நடுவராக இருந்தேன்.

இங்கே வருமுன் எட்டு வருடம் ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்தில் பியர் தொழிற்சாலையில் வேலை செய்தேன். திரும்பி வரும் வெற்றுப் போத்தல்களை மணந்து பார்த்து, எண்ணெயோ பெயின்ற்றோ ஊற்றி வைத்ததாகத் தெரிந்தால் எடுத்து ஒதுக்கவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் போத்தல் என்று கணக்கில்லை. அந்த வேலை எனக்கு வேறு ஒன்றும் தரவில்லை, மூக்கைத் தந்தது. பிறகு மனைவியும் மகளுமாக லண்டனுக்கு மாறி வந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ஷிப்ட்டில் ஒரு பாண் பக்டரியில் சேர்ந்தேன். அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. தலையில் வலை போட்டுக்கொண்டு நின்றால் எல்லோரும் ஒரே ஆள்தான்.

பப்பின் மேல்மாடியில் அப்படி இல்லை. சந்தேகமான போத்தல் வந்தால் மற்ற மேசைகளிலிருந்தும் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் ஒருமுறை மணந்துவிட்டுச் சொன்னால் அதுதான் முடிவு.

போட்டிக்கு ஒருவர் ஒரே பியரில் இரண்டு போத்தல் தருவார், ஒன்று மேசைக்கு, மற்றது இறுதிச் சுற்றுக்கு. அவற்றில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும். ஒரு மேசைக்கு இரண்டு நடுவர்கள். ஐம்பது புள்ளி, அதில் மணத்துக்கு மட்டும் பன்னிரண்டு; இருவர் போட்டதன் சராசரிதான் முடிவு. ஒவ்வொரு வகைப் பியரும் எப்படி இருக்கவேண்டும், என்ன நிறம், என்ன மணம், எவ்வளவு கசப்பு என்று ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. எவ்வளவு ருசியான பியர் என்றாலும் பதிந்த வகைக்குப் பொருந்தாவிட்டால் புள்ளி குறையும். என்னோடு இருப்பவர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்கார அம்மா. பென்சிலால்தான் எழுதுவார். நான்கு வருடம் ஒரே மேசையில் இருந்தோம். எங்கள் புள்ளிகளுக்கிடையில் இரண்டு மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை.

ஒரு மாரிகாலம் எனக்கு மூக்கடைத்துக் கடும் தடிமன் பிடித்தது. லீவு எடுக்க ஏலாது, அதோடேயே வேலைக்குப் போனேன். இரண்டு கிழமையில் தடிமன் போய்விட்டது. மணம் திரும்பி வரவில்லை. பாண் சுடும் போறணைக் கதவு திறக்கும்போது முகத்தில் சூடு அடித்தது, பாண் மணக்கவில்லை. டொக்டர், வந்தாலும் வரும், வராமலும் விடும் என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை. பக்டரிக்கு என் கைகள் போதும்.

மனைவி தானாகத்தான் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசைக்கு வெளிக்கிட அவள் மேலே உடுத்துக்கொண்டிருந்தாள். நான் குசினியில் அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படியில் ஓடி வந்து அடுப்பை நிறுத்தினாள்.

"பால் கருகிப் போச்சு. பக்கத்திலைதானே இருக்கிறியள்?"

"நான் காணேல்லை."

"காணாட்டிலும் மணந்திருக்குமே. மேலை எனக்கு மணக்குது."

நான் பேப்பரை மடித்து வைத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கராம்புப் போத்தலைத் திறந்து என் மூக்கடியில் பிடித்தாள்.

"மணக்குதோ?"

"இல்லை."

"எவ்வளவு நாளாய்?"

"தடிமன் வந்ததிலையிருந்து."

"அப்ப போன சனிக்கிழமை அங்கை போய் என்னத்தை மணந்தனீங்கள்?"

"புத்தகத்திலை இருக்கிறதைப் பார்த்து எழுதினன்."

அவள் கராம்புப் போத்தலை மூடி வைத்தாள். "சொல்லிப்போடுங்கோ. பாவங்கள், ஆக்கள் கிழமைக்கணக்கா மினக்கெட்டுக் காய்ச்சிக் கொண்டுவருதுகள்."

"ஓம், சொல்லுறன்," என்றேன்.

சொல்லவில்லை. ஏமாற்றுவது நினைத்ததைவிட எளிதாக இருந்தது. கசப்பும் இனிப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரியும். நிறமும் நுரையும் கண்ணுக்குத் தெரியும். மிச்சத்துக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அவர் புருவம் சுருங்கினால் மணத்தில் இரண்டு புள்ளி குறைப்பேன், பேசாமல் இருந்தால் புத்தகத்தில் உள்ளதை எழுதுவேன். புத்தகத்தின் சொல்லையே எழுதுகிறவனை ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. முதல் சனிக்கிழமையையும் சேர்த்து இப்படி இரண்டு போட்டிகள் போயின. ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்வோம் என்று நினைப்பேன். அடுத்த முறை வரும்போது அந்தக் கிழமை முழுக்க ஐந்து மணிக்கு வேலை தொடங்கிய அலுப்பில் இருப்பேன். பத்துப் பேருக்கு முன்னால் எழும்பி நின்று, எனக்கு இருந்த ஒரே மரியாதையையும் கொடுத்துவிட்டு வர மனதில் பலம் இருக்கவில்லை.

மூன்றாவது போட்டி பங்குனியில் நடந்தது. எங்கள் மேசைக்கு பிட்டர் என்ற கசப்புப் பியர் வகை வந்தது. ஆறாவது போத்தலைத் திறந்த நேரம் பார்த்து, வேறொரு மேசையில் ஏதோ வாக்குவாதம் என்று அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். "நீங்கள் எழுதத் தொடங்குங்கள், வந்துவிடுகிறேன்," என்று போனார்.

பார்க்க முகம் ஒன்றும் இல்லை. கிளாஸைத் தூக்கிப் பிடித்தேன். செப்பு நிறம், நல்ல தெளிவு. நுரை நின்றது. கசப்பு அளவாக இருந்தது. கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூவில் மண்வாசம், இலேசான டொஃபி மணம், குறை ஒன்றும் இல்லை என்று எழுதி முப்பத்தெட்டுப் போட்டேன்.

அவர் திரும்பி வந்து மணந்தார். கிளாஸைக் கையால் மூடிச் சுழற்றி மறுபடி மணந்தார். பென்சிலால் ஏதோ எழுதினார்.

"இதில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் மாதிரி மணக்கிறதா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியவில்லை," என்றேன்.

அவர் என் தாளைப் பார்த்தார். பிறகு தான் எழுதியதை அழிறப்பரால் அழித்துவிட்டு முப்பத்தைந்து என்று எழுதினார். ஒரு மேசையிலிருந்து இரண்டு போத்தல்தான் இறுதிச் சுற்றுக்குப் போகும். அது போனது. முப்பத்துமூன்று எடுத்த இன்னொன்று நின்றுவிட்டது.

இறுதிச் சுற்றில் நடுவர்களாக இருந்த மூன்று பேரில் முதல் ஆள் மணந்த உடனேயே கிளாஸை வைத்துவிட்டார். "பிளாஸ்டர்," என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினைப் போக்காமல் காய்ச்சினால் வருகிற மணம் அது. புதிதாகப் பழகுகிறவர்களே கண்டுபிடிப்பார்கள். எந்த மேசையிலிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார்.

"எங்கள் மேசை," என்றார் அந்த அம்மா. "என் பிழையாக இருக்கும். வயதாகிறதல்லவா."

அவர் கோட்டை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். நான் பின்னால் போய்ப் படித் திருப்பத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"எத்தனை போட்டி?"

"இதோடு மூன்று."

"நான் சரியாகத்தான் மணந்திருக்கிறேன்," என்றார். "இருபத்துநான்கு போட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியாத மணம் எனக்குத் தெரியுமா என்று அழித்தேன். என் மூளையில் ஏதோ கோளாறு, திங்கட்கிழமை டொக்டரிடம் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மேல்படியைத் திரும்பிப் பார்த்தார். "அந்த முப்பத்துமூன்றுக்கு இரண்டாவது போத்தல் இருக்கும். மேலே வாருங்கள், நீங்களே சொல்லுங்கள்," என்றார்.

போட்டியை நடத்துகிறவரிடம் சொன்னேன். அவர் என் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு இறுதிச் சுற்றை நிறுத்தி, அந்த இலக்கத்தின் இரண்டாவது போத்தலைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து திறந்தார். இறுதிச் சுற்று நடுவர்கள் மூவரும் ருசி பார்த்தார்கள். அது வெல்லவில்லை, நான்காவதாக வந்தது. முந்திய இரண்டு போட்டிகளையும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. "நீங்கள் வீட்டுக்குப் போகலாம்," என்று மெதுவாகச் சொன்னார்கள். நான் போகாமல் நின்று, இருந்த கிளாஸ் அவ்வளவையும் கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொன்னீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"சரி, இருங்கோ. சாப்பிடுவம்," என்று சாப்பாட்டுக் கோப்பையை எடுத்தாள்.

மணம் ஒரு வருடத்துக்குப் பிறகு அரையும் குறையுமாக வந்தது. கோப்பி றப்பர் எரிந்த மாதிரி மணந்தது, சவர்க்காரம் ஒன்றும் மணக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு மற்றவர்களின் பியருக்குப் புள்ளி போட முடியாது. போட்டியில் போத்தல் திறந்து ஊற்றிக் கொடுக்க ஆள் தேவை என்று கேட்டார்கள். வேலையில்லாத சனிக்கிழமைகளில் போனேன். அந்த அம்மா வேறொருவரோடு அதே மேசையில் இருந்தார். என்னைக் கண்டால் மகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பார், கோபம் காட்டியதில்லை. ஆனால் புள்ளி எழுதும்போது மட்டும், மற்றவரின் தாள் கண்ணில் படாதபடி இடது கையை நடுவில் மறித்து வைத்துக்கொண்டு எழுதினார்.