வைக்கோலுக்கு அடியில் ஒரு முகம்

துப்ரோவ்கா ஊரின் யூத குருவான ரப்பி மெஷுல்லாமின் படிப்பைச் சுற்றுவட்டாரமே கொண்டாடியது. யூதச் சட்ட நூலான தல்மூதின் எந்தப் பக்கத்தில் எந்த வரியைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். அவருடைய அப்பா காட்டில் தார் காய்ச்சியவர். பிரார்த்தனைப் புத்தகத்தைத் தாண்டி ஓர் எழுத்து அறியாதவர். அந்தக் குடிசையிலிருந்து கிளம்பிய முதல் படிப்பாளி தான் என்கிற பெருமை ரப்பிக்கு உள்ளூர உண்டு. ஊர் தந்த சம்பளம் போதாது என்று மனைவி பாஷே ஈஸ்ட் விற்றாள்.

ஒரு வசந்தத்தில் நேமன் ஆற்றில் பனி உடைந்து வெள்ளம் வந்தபோது, மரத்தெப்பம் ஓட்டும் கல்மன் தெப்பத்தோடு போய்விட்டான். சில வாரங்கள் கழித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம், மீன்காரர்கள் பாலத்தடியில் ஒரு பிணத்தை இழுத்துப் போட்டார்கள். ஜெபாலயப் பணியாள் லெய்சர் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“ரப்பி, பாலத்தடியில ஒரு பொணம். நம்ம ஆளாட்டம்தான் இருக்கு. குப்புறக் கெடக்கு.”

ரப்பி அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். தாடியில் நீர் சொட்டியது. வீட்டில் பாஷே மெழுகுவத்தி ஏற்றத் தீக்குச்சியைக் கையில் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து ஓய்வுநாள் பிறந்துவிட்டால் பிணத்தை நகர்த்தக் கூடாது.

“வைக்கோலப் போட்டு மூடுங்க. மீன்காரன் ஒருத்தனக் காவலுக்கு வைங்க. நாளைக்கு இருட்டுனதும் அடக்கம் பண்ணலாம்.”

முகத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையில் மீனைப் பிட்டபோது அந்தச் சட்டம் நினைவுக்கு வந்தது. தண்ணீருக்குள் கிடக்கும்வரை முகம் கெடாது, வெளியே எடுத்தால் ஊதிவிடும். எடுத்த உடனே தெரிந்தவர் பார்த்தால்தான், செத்தவன் இன்னார் என்கிற சாட்சி செல்லும். எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக்கொடுத்த பக்கம். வெளியே இருட்டிவிட்டது. ஓய்வுநாளில் விளக்கைத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. விடிந்ததும் ஓடினார். வைக்கோலை விலக்கினால், அங்கே முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

கல்மனின் மனைவி ஹின்டே வாத்துக்கு இறகு பிடுங்கிப் பிழைப்பவள். புருஷன் செத்தான் என்று சட்டம் ஒத்துக்கொள்ளாதவரை அவள் விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை, கட்டுண்டவள். வேறு கல்யாணம் கிடையாது. கல்மன் விலாவில் மரம் இழுக்கும் கொக்கி கிழித்த தழும்பு உண்டு என்று பிணத்தைப் பார்க்கும் முன்பே அவள் சொன்னாள். பிணத்தைக் குளிப்பாட்டியவர்களும் அதைப் பார்த்திருந்தார்கள்.

சில வருஷங்கள் போயின. அடுப்பு கட்டும் ஃபைவிஷ் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். ரப்பி தழும்பைப் பிடித்துக்கொண்டு, கிடைத்த நூல்களையெல்லாம் புரட்டி, நீண்ட தீர்ப்பு ஒன்று எழுதினார். இந்த மாதிரி வழக்கில் இன்னும் இரண்டு பெரிய ரப்பிகள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர், “தெப்பக்காரன் எவனுக்குத்தான் கொக்கித் தழும்பு இல்லை?” என்று எழுதிவிட்டார். இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை. ரப்பி மறுபடி எழுதினார். மறுபடி காத்திருந்தார்.

பாஷேயால் பொறுக்க முடியவில்லை.

“கோழி வயித்துல ஊசி கெடந்தாக்கூட, அதச் சாப்பிடலாமான்னு கேட்டு ஊரே உங்ககிட்டதான் ஓடியாருது. நின்ன நெலையில பதில் சொல்றீங்க. இந்த ஒருத்திக்கு மட்டும் நாக்கு எழ மாட்டேங்குதா?”

“கல்மன் ஒருவேளை உசுரோட வந்துட்டா, அவளுக்குப் பொறக்குற புள்ளைங்க கதி என்ன? தெரியாமப் பேசாத.”

“தெரிஞ்சவரு நீங்க அன்னைக்கு என்ன கிழிச்சீங்க?”

ரப்பி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் ஹின்டேயைக் கூப்பிட்டனுப்பினார். அவள் முக்காட்டில் இறகுத் தூசி ஒட்டியிருக்க, வாசற்படியிலேயே நின்றாள்.

“நீ கல்யாணம் பண்ணிக்கலாம், ஹின்டே. நான் அனுமதி தரேன்.”

“மத்த ரெண்டு பேரு?”

“நான் மட்டுந்தான். என் தலைமேல.”

அவள் முக்காட்டு இறகைத் தட்டிவிட்டாள்.

“உங்க ஒருத்தரு பேச்ச வச்சு, எனக்குப் பொறக்கப்போற புள்ளைக்கு யாரு, ரப்பி, பொண்ணு குடுப்பாங்க? முறையில்லாமப் பொறந்ததுன்னு தெருவே சொல்லும். அதுவும் போக, ஃபைவிஷ் காத்திருந்து பார்த்துட்டு, போன மாசம் கோவ்னோவுல ஒருத்தியக் கட்டிக்கிட்டான். உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

சொல்லவில்லை. படிப்பறையில் இருந்தவரிடம் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பிற்காலத்தில் அந்தத் தீர்ப்பு அவருடைய நூலில் அச்சானது. வழக்கப்படி பெயர்களை மாற்றி, ஹின்டேயை லேயா என்று போட்டிருந்தார்கள். வில்னாவிலிருந்து ஓர் இளம் படிப்பாளி அவரைத் தேடியே வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன ஆழம், ரப்பி! எங்க பாடசாலையில இதத்தான் மாசக்கணக்காப் பேசுறோம். இப்படி ஒரு கேள்வி அமையறதுக்கே குடுத்து வச்சிருக்கணும்.”

கிழவர் கையை உருவிக்கொண்டார்.

“பாலத்துக்குப் பக்கத்துல ஒரு வாத்துக் கொட்டாய் இருக்கு. ஒரு கெழவி ஒக்காந்து எறகு பிடுங்கிட்டிருப்பா. போயி அவகிட்ட சொல்லு, அமைஞ்ச கேள்வி நல்லா இருக்குன்னு.”

அவன் சிரித்தான். ரப்பி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும், தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பாலத்துப் பக்கம் போகவில்லை. வந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டான்.