மணிப்பெட்டிக்கு நான் கேட்ட கிரிஸ்டல்

தொண்ணூறுகளின் கடைசி. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்திருந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் என் அண்ணன். சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில், தானாக மணியடிக்கும் பெட்டி ஒன்று கேட்டார்கள். அதை நான் செய்வதாகப் பேச்சு.

"இது ஒழுங்கா ஓடுச்சுன்னா நீ கடையிலயே இரு. இல்லேன்னா வர்ற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டு" என்றார் அப்பா.

பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்குத் தானாக நேரம் தெரியாது. எதையாவது எண்ணித்தான் நொடியைக் கணக்குப் பண்ணும். கைக்கடிகாரத்தில் இருக்கிற மாதிரி, சீராகத் துடிக்கிற ஒரு கிரிஸ்டலும் பேட்டரியும் வைத்தால் அதுபாட்டுக்கு ஓடும் என்றேன். அண்ணனுக்கு அது வெட்டி வேலை.

"கரண்டே நொடிக்கு அம்பது தடவ துடிக்குதுல்ல? அத எண்ணச் சொல்லு. கிரிஸ்டலாம் கிரிஸ்டல்."

"புஸ்தகத்துலதாண்ணே அம்பது. கோடையில நம்ம லைன்ல நாப்பத்தொம்பதுக்கே தடுமாறுது. கரண்டு போச்சுன்னா எத எண்ணும்?"

"படிச்ச திமிரு" என்றான். கடை அவனுடையது, அவன் வைத்ததுதான் சட்டம். கரண்டை எண்ணுகிற மாதிரியே செய்துகொடுத்தேன்.

பங்குனி வெயிலில் பெட்டி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டுக்கு மாதா கோயில் மணி கேட்டதும் பிள்ளைகள் எழுந்து மூவேளைச் செபம் சொல்லி உட்காருவார்கள். செத்த நேரம் கழித்து எங்கள் பெட்டி அதே பன்னிரண்டை அடிக்கும். மறுபடி எழுந்து, மறுபடி செபம். தெருவே சிரித்தது.

பெரிய சிஸ்டர் கடைக்கே வந்துவிட்டார். அண்ணன் ஒரு நொடி யோசிக்கவில்லை, பாவி.

"தங்கச்சி செஞ்சது சிஸ்டர். பொம்பளப் புள்ள, ஏதோ ஆசைப்பட்டுச்சேன்னு விட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "பேசாம இரு" என்றார்.

அன்றைக்கே பெட்டியைப் பிரித்து, முதலில் நான் கேட்ட அதே கிரிஸ்டலை வைத்துச் சரிபண்ணினேன். அண்ணன் கொண்டுபோய் மாட்டினான். அந்தக் கோடை லீவிலேயே என்னைப் பழனியில் கட்டிக்கொடுத்தார்கள்.

வருஷங்கள் கழித்து, அண்ணன் தன் மகளை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். அதே சுவரில் அதே பெட்டி. மாதா கோயில் மணியும் அதுவும் ஒன்றாக அடித்தன. பெரிய சிஸ்டருக்கு என்னை நினைவிருந்தது.

"நீ செஞ்சப்பதாம்மா ஒரே தகராறு. அண்ணன் கைபட்டதுக்கப்பறம் ஒரு நிமிஷம் பிசகல" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். இப்போதாவது சொல்வான் என்று நினைத்தேன்.

"மச்சான் எப்பிடி இருக்காரு?" என்று கேட்டான்.