கிணற்று மண்ணில் கிடைத்த பற்கள்

வாயில் போட்டுச் சப்பினால் முதலில் களிமண் கரையும்; அந்த வழவழப்பு போனதும் ஓரத்தில் ரம்பம் போல ஒரு சொரசொரப்பு நாக்கில் தட்டும்; தட்டியதுமே இது கல் அல்ல, பல்தான் என்று எனக்கு உறுதியாகிவிடும். ஒன்பது வயதில், வெள்ளானூர் மேட்டுக் கொல்லையில், ஒரு கோடை முழுவதும் யாருடையது என்று தெரியாத பற்களை வாயில் அதக்கிக்கொண்டு அலைந்தேன் என்று சொன்னால் என் பேத்திகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். கையில் வைத்திருந்தால் என்னவென்று கேட்பார்கள், பாவாடையில் செருகினால் ஓடும்போது விழும். வாயைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

யுத்த காலம் அது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காக முள்கம்பி இழுத்தபோது எங்கள் நஞ்சையும் அதிலிருந்த கிணறும் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன; மிஞ்சியது வானம் பார்த்த மேட்டுக் கொல்லை ஒன்றுதான். அதில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டால் ஊரில் இருக்கலாம், இல்லாவிட்டால் பட்டணத்துக்கு மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான் என்று நைனா, என் அப்பா, சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

வெட்ட வந்தவர் முனுசாமி மேஸ்திரி. அவர் பள்ளத்தில் இறங்கிக் கடப்பாரை போடுவார். அவர் மனைவி கன்னியம்மாவும் நைனாவும் மேலே நின்று கப்பிக் கயிற்றை இழுத்துக் கூடையை ஏற்றுவார்கள். முதல் நாள் கற்பூரம் கொளுத்திய கையோடு மேஸ்திரி ஒன்று சொன்னார்: "எலும்போ பல்லோ கண்ணுல பட்டுச்சுன்னா அத்தோட வேலை முடிஞ்சுது, நைனா. யாரையோ பொதைச்ச எடம்னு அர்த்தம். மூடிட்டுப் பூடுவோம்." கிணறு வெட்டுகிறவர்களின் கட்டுப்பாடு அது, மீறமாட்டார்கள். கன்னியம்மா அதில் அவரைவிடக் கண்டிப்பு. காட்டுப்பாக்கத்தில் எலும்பைப் பார்த்தும் மூடாமல் தோண்டிய ஒரு கிணற்றில் மண் சரிந்துதான் அவளுடைய அண்ணன் போனான்.

நாலு ஆள் ஆழத்தில் மண்ணின் நிறம் மாறியது. கொட்டிய மண்ணை வரப்போரம் பரப்பிவிடுவது என் வேலை. முதல் பல் கிடைத்தபோது யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். உடனே வாயில் போட்டுக்கொண்டேன். அன்று மூன்று, மறுநாள் ஏழு. கூடை கவிழ்ந்ததும் மற்றவர்களுக்கு முன்னால் ஓடிப்போய் மண்ணைக் கிளறுவேன், "இந்தப் பொண்ணுக்கு இன்னா சுறுசுறுப்பு!" என்று கன்னியம்மா மெச்சுவாள். கிடைத்ததையெல்லாம் ஒரு மூக்குப்பொடி டப்பாவில் சேர்த்து வைக்கோற்போரில் ஒளித்துவைத்தேன். வெளியே தெரிந்தால் கிணறு நின்றுவிடும்; தெரியாமல் போய் மேஸ்திரி மேல் மண் சரிந்தால் அந்தப் பாவம் எனக்கு. கடப்பாரைச் சத்தம் சற்று நின்றாலும் ஓடிப்போய்ப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்ப்பேன்.

ஒரு நாள் முற்பகல், வாயில் ஒரு பல்லோடு அடுத்த கூடைக்குக் காத்திருந்தேன். கூடையைக் கவிழ்த்த கன்னியம்மா, எனக்கு முன்னால் குனிந்து எதையோ எடுத்துத் தலைப்பில் துடைத்தாள். முக்கோணமாய், பாக்கு நிறத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு பல். "யோவ், மேல வா! பல்லு கீதுய்யா!" என்று பள்ளத்துக்குள் கத்தினாள். நைனா கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"அது என் பல்லு" என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கோரைப்பல் ஒன்று விழுந்து, எங்கோ தொலைந்தும்போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "சொத்தைப் பல்லு. இப்பத்தான் வுழுந்துச்சு." அவள் நம்பவில்லை. என் தாடையைப் பிடித்து, "எங்கே, வாயைத் தொற" என்றாள். வாயிலிருந்ததை அவசரமாக நாக்குக்கு அடியில் தள்ளினேன். அதன் கூர் சதையைக் கிழித்தது. நான் வாயைத் திறந்ததும் ரத்தம் வழிந்தது. ரத்தத்தையும் பொக்கையையும் சேர்த்துப் பார்த்ததும் அவள் பிடி தளர்ந்தது. இருந்தாலும் கையிலிருந்த பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது கீழேயிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார்: "பாப்பா பல்லுன்னா கையில வச்சிகினு இன்னா பண்றே? சாணியில வச்சி கூரை மேல போடச் சொல்லு! மிதிபட்டுச்சுன்னா அப்புறம் மொளைக்காது!"

கன்னியம்மாவே சாணி உருட்டி, அந்தப் பல்லை நடுவில் பதித்து என் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு ஓடிப்போய்க் கூரை மேல் எறிந்தேன், கப்பி மறுபடி சுற்றத் தொடங்கியது. எனக்குத்தான் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. என் பல்லுக்குப் பதிலாக வேறு யாருடைய பல்லையோ போட்டிருக்கிறேனே, அந்தப் பாக்கு நிறப் பல்தான் எனக்கு முளைக்குமோ என்று தினமும் காலையில் அம்மாவின் கண்ணாடியை எடுத்து வாயைப் பிளந்து பார்த்துக்கொள்வேன்.

ஏழு ஆள் ஆழத்தில் ஊற்று பீறிட்டது. கூடையில் வந்த ஈரச் சேற்றை அம்மா அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா, வைக்கப்போருல ஒளிச்சி வச்சிகிறியே, அந்த டப்பாவ எடுத்துகினு வா" என்றார். டப்பாவோடு போனபோது, அவர் தம் இடுப்பு மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். அத்தனையும் பற்கள். என்னிடம் இருந்ததைப்போல மூன்று பங்கு இருக்கும்.

"மேல நிக்கிற ஒனக்கே இத்தினி கெடைச்சா, கீய நிக்கிறவனுக்கு எத்தினி கெடைக்கும்? கன்னியம்மா பாத்தா கவுத்தை அறுத்துகினு பூடும். உங்க நைனா ஊரை வுட்டுப் பூடுவாரு" என்றார். பிறகு அந்தக் குவியலைப் பார்த்து, "எல்லாம் சின்னச் சின்னப் பல்லா கீது பாப்பா. கொழந்தைங்க போலத்தான் கீது" என்றார். கொல்லை மூலையிலிருந்த பனையடியில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தோம். கற்பூரம் கொளுத்திவிட்டு அத்தனை பெரிய மனிதர் குப்புற விழுந்து கும்பிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் வந்து அந்த இடத்தில் அரை ஆழாக்குப் பால் ஊற்றிவிட்டுப் போவார். மண் சரிந்து செத்துப்போன தன் அண்ணனுக்குத்தான் ஊற்றுகிறார் என்று கன்னியம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

எனக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்த பின்பு, அவர்களை ஒரு காட்சிசாலைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அதே பாக்கு நிறம், அதே ரம்ப ஓரம். பார்த்ததுமே என் நாக்கு கூசியது. எத்தனையோ காலத்துக்கு முன்பு இந்த மண்ணெல்லாம் கடலாக இருந்தபோது வாழ்ந்து அழிந்துபோன சுறா மீனின் பல் என்று எழுதிவைத்திருந்தார்கள். மேஸ்திரி காலமாகி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நேரே கன்னியம்மாவின் வீட்டுக்குப் போய் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப அந்தாளு இத்தினி வருசமும் மீனுக்கா பால் ஊத்திச்சு?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "தெனமும் பயந்துகினேதான் எறங்கியிருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போது அந்தக் கொல்லையில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கிணற்றை மூடிவிட்டார்கள், பனையும் இல்லை. சென்ற ஆண்டு அங்கே இயந்திரம் வைத்து ஆழ்துளைக் கிணறு போட்டபோது தெருவெல்லாம் சேறாக ஓடியது, நான் குனிந்து கையால் துழாவினேன். "இன்னாம்மா, நகை எதுனா தொலைஞ்சு பூடுச்சா?" என்று காவலாளி ஓடிவந்தான். ஒன்றுமில்லை என்றேன். குழந்தைகளின் தலை மேல் நிற்கிறோம் என்று நம்பிக்கொண்டே ஒரு மனிதர் எங்களுக்காக நாள்தோறும் அந்தப் பள்ளத்தில் இறங்கினார். அது வெறும் மீன்தான், பயப்படாதீர்கள் என்று அவரிடம் சொல்ல நான் ஒரு வருஷம் பிந்திவிட்டேன்.