விரதம் இருந்த கோழிகள்

இப்போதெல்லாம் கோழித்தீனி மூட்டையின் மேலேயே புரதம் எவ்வளவு, சுண்ணாம்புச்சத்து எவ்வளவு என்று அச்சடித்து விற்கிறார்கள். எங்கள் ஊரான பெருமாட்டியில் வீட்டுக் கொல்லையில் மேயும் கோழிகளுக்கு நானும் அதில் கொஞ்சம் வாங்கிக் கலப்பதுண்டு. கலக்கும்போதெல்லாம், எங்கள் வீட்டுக் கோழிகள் சபரிமலைக்கு விரதம் இருந்த வருஷம் ஞாபகம் வந்து சிரித்துக்கொள்வேன்.

மாலை போட்டவர் என்னவோ அப்பாதான். விரதத்தின் கஷ்டம் முழுக்கக் கோழிகளின் தலையில் விழுந்தது.

அவை அத்தையின் கோழிகள். அத்தை அப்பாவின் தங்கை. வண்டிப்பெரியாரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் ஒற்றைத் துணிப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், அதன்பிறகு திரும்பிப் போகவில்லை. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஊர்ப் பேச்சு வந்தாலே அம்மா என்னை ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பிவிடுவாள். வந்த கொஞ்ச நாளிலேயே அத்தை கோழி வளர்க்கத் தொடங்கினாள். முட்டை விற்ற காசில் தன் சோப்பும் எண்ணெயும் போக, வீட்டுக்கு மளிகையும் வாங்கிப் போட்டாள். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்ற பேச்சு யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு வீம்பு.

தீனியை விலைக்கு வாங்கினால் முட்டைக் காசு முழுக்கத் தீனிக்கே போய்விடும் என்பது அவள் கணக்கு. அதனால் வீட்டு நொய், தவிடு, எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் தேங்காய்ப் புண்ணாக்கு, முருங்கைத் தழை, இடித்த கிளிஞ்சல் என்று கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றினாள். கூடவே, கடைக்கார ராவுத்தர் கருவாட்டுக் கூடையின் அடியில் தங்கும் தலையும் தூளும் அவளுக்கென்றே எடுத்து வைத்துவிடுவார். அதை வறுத்து இடித்து ஒரு கை கலந்தால் போதும், கோழிகள் கூடையை விட்டு எழுந்திருக்காமல் முட்டை வைத்தன.

கார்த்திகை பிறந்தது. அதுவரை கோயில் பக்கம் அதிகம் போகாத அப்பா, திடீரென்று மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றார். வீடு கழுவிவிடப்பட்டது. மீன்சட்டி பரண் ஏறியது. நானும் அம்மாவும் அவரைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தோம். பழக்கமில்லாமல் எனக்குப் பாதி நாள் "அப்பாசாமி" என்றுதான் வந்தது. அத்தை வழக்கம்போல் கருவாட்டுத் தூளோடு வந்தபோது அவர் வாசலிலேயே மறித்தார்.

"மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் இந்த வாசம் வேலிக்குள்ளாற வரக்கூடாது."

"கோழியா மாலை போட்டிருக்குதுங்ணா?" என்று அத்தை கேட்டாள்.

அப்பா உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து கோழிகளும் சைவமாயின.

முதலில் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. சேவலைக்கூடச் சாமி என்று கூப்பிட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினேன். ஆனால் போகப்போக முட்டை குறைந்தது. கோழிகள் ஒன்றின் வால் இறகை ஒன்று பிடுங்கித் தின்ன ஆரம்பித்தன. அத்தை கடலைப் புண்ணாக்கு வாங்கிப் போட்டுப் பார்த்தாள். அதன் விலை கட்டுப்படியாகவில்லை. கறிக்கோழி வியாபாரி சைக்கிளை நிறுத்தி விசாரித்துவிட்டுப் போனார். ஒரு மத்தியானம் அத்தை அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"முட்டை நின்னுபோச்சுன்னா நான் அங்கயே போயிர்றனுங்க அண்ணி. உங்களுக்குப் பாரமா எத்தனை நாளைக்கு இருக்கறது?"

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை போய்விட்டால் எனக்குத் தலைவாரிவிட ஆளில்லை. அந்த வயதில் அதுவே பெரிய துக்கம்.

அப்புறம்தான் அத்தை கறையான் வழியைப் பிடித்தாள். உடைந்த பானையில் வைக்கோலும் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் ஏறும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் பானை நிறைந்துவிடும். கோழிக்கு அதைவிட விருந்து கிடையாது. விரத வீட்டில் உயிர்க்கொலை ஆகாது என்பதால், பானையை வேலிக்கு வெளியே பக்கத்து மாந்தோப்பில் வைத்தாள். வேலிக்கு அந்தப்புறம் நடப்பதை ஐயப்பன் கணக்கில் எடுக்கமாட்டார் என்று அவளுக்கு நம்பிக்கை. கறையான் ஒழிந்தால் சரி என்று தோப்புக்காரர்களும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் மலைக் கணவாய் வழியாக வரும் மார்கழிக் காற்றுக்கு ஈரம் ஆகாது. மத்தியானம் நனைத்து வைத்த பானை பொழுது சாய்வதற்குள் காய்ந்து சருகாகிவிடும். காலையில் தட்டினால் வெறும் வைக்கோல்தான் உதிர்ந்தது. அத்தை தன் துணிப்பையை உதறி வெயிலில் காயப்போட்டதை நான் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் பானை கொள்ளாத அளவுக்குக் கறையான். மறுநாளும் அப்படியே. கோழிகள் அடித்துக்கொண்டு தின்றன. கொஞ்ச நாளில் இறகு பிடுங்குவது நின்றது, கூடையில் முட்டை தென்பட்டது. மாலை போட்ட வீடு, சாமி கைவிடுமா என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்றே, ராவுத்தர் கடைக்குப் போய்க் கருவாட்டுத் தூளை மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அத்தை போகவில்லை. என்னைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினாள், முட்டைக் காசில் கல்லூரிக்குப் புடவை எடுத்துத் தந்தாள், இன்றைக்கும் என் தீனிக் கலவையில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு இதே வீட்டில் இருக்கிறாள். அதற்காக நான் நன்றி சொல்லாத நாளில்லை. யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கு வெகுகாலம் பிடிபடவில்லை.

அந்த மார்கழியில் ஒரு சாயங்காலம், விளையாடிவிட்டுத் தோப்பு வழியே வந்துகொண்டிருந்தேன். அந்திக் குளியல் முடிந்து, ஈரக் கருப்பு வேட்டியோடு, மார்பில் மாலை ஆட அப்பா வேலியைத் தாண்டி வந்தார். கையில் செம்பு. அத்தையின் பானைக்கு முன் குத்துக்காலிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பானையை லேசாகத் தூக்கி, உள்ளே இருந்த வைக்கோலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். விரதத்தில் இதுவும் ஒரு பூஜை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போய்க் கைகூப்பி நின்று, "சாமியே" என்றேன்.

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு மெல்ல, "சரணம் ஐயப்பா" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தண்ணீரையும் பானைக்குள் ஊற்றினார். நான் கண்ணை மூடி, அத்தை எங்கேயும் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.